சங்கையா மெதுவாக நடந்த நாள்

சங்கையாவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் அவன் நடையைத்தான் சொல்வார்கள். நடையா அது? கடைசிப் பந்தி முடியப்போகிறது என்று யாரோ காதில் சொன்ன மாதிரி ஒரு ஓட்டம். வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு என் கடைப்படி ஏறுவதற்குள் இரண்டு பேரை இடித்து, இரண்டு பேரிடமும் "பாக்கல அண்ணே, பாக்கல" என்று சொல்லி முடித்திருப்பான். வயது நாற்பத்தெட்டு. ஏசி, ஃப்ரிட்ஜ் மெக்கானிக். சிவகாசியில் அவனுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிறவன் நான். இருபது வருஷப் பழக்கம். அவன் என்னை அண்ணாச்சி என்பான். நான் அவனை வாயில் வந்ததையெல்லாம் சொல்வேன். எனக்கு முன்கோபம் என்று ஊருக்கே தெரியும்.

நடைக்கு அடுத்தபடி அவனைப் பற்றிச் சொல்ல வேண்டியது பயம். இருபத்தைந்து வயதில் விருதுநகரில் ஒரு ஓட்டல் ஃப்ரிட்ஜைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது கெப்பாசிட்டர் முகத்துக்கு நேரே வெடித்துவிட்டது. இடது தாடையில் புளியங்கொட்டை அளவில் தழும்பு இன்னும் இருக்கிறது. அன்று பிடித்த பயம் அவனை விடவேயில்லை.

கெப்பாசிட்டர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஏசியில் இருக்கிற கம்ப்ரசர் சும்மா கிளம்பாது. அதுவும் சீசன் நேரத்தில் கரண்டு பாதி வருகிற நம் பக்கத்தில் முக்கிக்கொண்டு நிற்கும். நின்றுபோன வேனை நாலு பேர் தள்ளிவிடுகிற மாதிரி ஸ்டார்ட் கெப்பாசிட்டர் அதை ஒரு தள்ளுத் தள்ளும். வேன் கிளம்பிவிட்டால் தள்ளினவன் கையை எடுத்துவிட வேண்டும் அல்லவா? அப்படிக் கையை எடுக்க வைப்பது ரிலே என்கிற சின்னக் கறுப்பு டப்பா. அந்த ரிலே ஒட்டிக்கொண்டு விடாமல் போனால் கெப்பாசிட்டர் சூடேறும், தலை உப்பும், கொஞ்ச நேரத்தில் வெடிக்கும். பெரிய அணுகுண்டு வெடியைப் பெட்டிக்குள் வைத்துக் கொளுத்தின மாதிரி சத்தம். கூடவே நெருப்புப் பொறி, கொதிக்கிற எண்ணெய்.

இன்னொன்று. சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டர் வயிற்றுக்குள் கரண்டு நிற்கும். மற்ற மெக்கானிக்குகள் ஸ்க்ரூ டிரைவரைக் குறுக்கே வைத்து, 'டப்' என்று பொறி பறக்க இறக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். சங்கையா அதைச் செய்ய மாட்டான். ஒரு குண்டு பல்பில் இரண்டு ஒயரைக் கட்டிப் பையில் வைத்திருப்பான். ஒயரைக் கெப்பாசிட்டரில் தொட்டால் பல்பு ஒரு தரம் மின்னி அணையும்; கரண்டு இறங்கிவிடும்.

"என்னலே, அதுக்குத் தீபாராதனை காட்டுறியா?" என்று கேலி செய்வேன்.

"நான் எங்கன போயி வேலை பாக்கேன்னு மறந்துட்டீகளா அண்ணாச்சி?" என்பான்.

அவனுடைய வாடிக்கையில் பாதி பட்டாசுக் கம்பெனி ஆபீசுகள்தான். அது மட்டுமில்லை. அவன் பெண்டாட்டி முத்துப்பேச்சி எம். புதுப்பட்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறாள். காலையில் அவள் வேன் ஏறினதிலிருந்து இவன் காது வெடிச்சத்தத்துக்கே காத்துக்கிடக்கும். எங்காவது லாரி டயர் வெடித்தாலும் கையிலிருக்கிறதை வைத்துவிட்டுத் தெற்கே வானத்தைப் பார்ப்பான், புகை எழும்புகிறதா என்று. சாயங்காலம் ஆறு மணிக்குக் கம்பெனி வேன் என் கடை முக்கில் வந்து நிற்கும். அவள் இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் டீயை வாயில் வைப்பான். அவளோ, "எந்தச் சாமி புண்ணியமோ, இன்னைக்கும் வந்துட்டேன். டீயக் குடிங்க, ஆறிப்போச்சு" என்று சிரிப்பாள். இந்த இரண்டு பேரையும் எப்படிச் சோடி சேர்த்தார்கள் என்று நான் நினைத்ததுண்டு.

போன ஆவணியில் நடந்ததைச் சொல்கிறேன். அதில் என் தப்பும் இருக்கிறது. மறைக்கப் போவதில்லை.

நம் ஊரில் எந்தச் சாமான் வாங்கினாலும் அச்சாபீசில் கழித்த பட்டாசு லேபிளில்தான் மடித்துத் தருவார்கள். ஒரு பக்கம் படம், மறு பக்கம் வெள்ளை. நான் எப்போதும் படம் வெளியே தெரிகிற மாதிரி மடிப்பேன். சங்கையா, மெஷினிலிருந்து கழற்றின கெட்டுப்போன பார்ட்ஸை வெள்ளை வெளியே வருகிற மாதிரி மடித்துக்கொள்வான். படம் தெரிந்தால் புதுசு, வெள்ளை தெரிந்தால் பழசு. பையில் கையை விட்டுக் கண்ணால் ஒரு தரம் பார்த்தாலே போதும், பிரிக்காமலே தெரியும். நாங்கள் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு இல்லை. இருபது வருஷத்தில் தானாக அமைந்தது.

அன்று காலை பத்து மணிக்கு வந்தான். முத்துப்பேச்சி வேலை பார்க்கிற புதுப்பட்டிக் கம்பெனியின் ஆபீஸ் ஏசிக்கு ஒரு ஸ்டார்ட் கெப்பாசிட்டரும் ஒரு ரிலேயும் வேண்டும் என்றான். கூடவே ஒரு பழைய ரிலேயை மேசையில் வைத்தான்.

"மூணு மாசங்கூட ஆகல அண்ணாச்சி. நாலஞ்சு தடவ ஒழுங்கா ஓடுது. சூடேறுனா ஒட்டிக்கிடுது. மாத்திக் குடுங்க."

எடுத்துப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. மோந்து பார்த்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏலே, பெட்ரோல் போட்டுத் தொடச்சிட்டு என்கிட்டயே புதுசுன்னு காட்டுறியா? ரிலே கம்பெனிக்காரன் எடுக்க மாட்டான். எடுத்துக்கிட்டுப் போ."

"தூசியா இருந்துச்சேன்னு தொடச்சேன்."

"ஆமா, நீ ரொம்பச் சுத்தக்காரன்!"

கோபத்தில் இரண்டு ரிலேயையும் நானே மடித்தேன். புதுசுக்குக் கையில் வந்த லேபிளில் முருகன் படம். முந்தின வாரம்தான் ஒரு அம்மா, சாமி படத்தை இப்படித் தெருவில் போட்டு மிதிக்கிற மாதிரி மடிக்கலாமா என்று கடை வாசலில் நின்று என்னைக் கிழித்துவிட்டுப் போயிருந்தாள். அதனால் முருகனை உள்ளே வைத்து, வெள்ளை வெளியே தெரிய மடித்தேன். பழசைச் சங்குசக்கரம் போட்ட லேபிளில் என் வழக்கப்படி படம் வெளியே தெரிய மடித்தேன். இரண்டையும் அவன் பையில் திணித்து, "போ, போ" என்று விரட்டினேன். அவன் அந்த நேரம் போனில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தான். நான் மடித்ததைப் பார்க்கவில்லை.

மத்தியானம் இரண்டரை மணிக்குத் திரும்பி வந்தான். முகத்தில் நல்ல தெளிச்சி. வேலை முடிந்துவிட்டது, இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன், கிண்ணென்று கிளம்புகிறது என்றான். வடக்கேயிருந்து சரக்கு வாங்குகிற பார்ட்டி மூணு மணிக்கு வருகிறார்களாம், அதுவரை ஏசியைப் போட மாட்டேன் என்று முதலாளி ராம்குமார் சொன்னாராம். அப்புறம் ஒன்று சொன்னான், அதைச் சொல்லும்போது குரல் இறங்கியது.

"மூணு நாளா மழை பாத்தீகள்ல? இன்னைக்கு வெயிலு அடிச்சதும் பட்டாசுத் திரியெல்லாம் கொண்டாந்து ஆபீசுக்குப் பின்னாடி சாக்கு விரிச்சுக் காயப் போட்டிருக்காக. காயப்போடுற தளம் நிறைஞ்சுபோச்சாம். ஏசி அவுட்டோர் யூனிட்டுக்கு நாலு எட்டுக்கூட இருக்காது. இங்கனயா போடுறதுன்னு கேட்டேன். வெயிலப் பிடிக்கணும்லன்னு சொல்லுதாளுக."

"உன் பெண்டாட்டி எங்க இருக்கா?"

"அதுக்கு அடுத்த ஷெட்டுலதான் பேக்கிங். பன்னெண்டு பேரு."

சொல்லிக்கொண்டே பையிலிருந்து வெள்ளையாக மடித்த பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தான். "கோவம் ஆறிப்போச்சுல்ல அண்ணாச்சி? இந்தப் பழசக் கொஞ்சம் பாத்து மாத்திக் குடுங்க" என்று பல்லைக் காட்டினான்.

விடாக்கண்டன் என்று திட்டிக்கொண்டே பிரித்தேன். உள்ளே முருகன் மயில்மேல் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கை அப்படியே நின்றுபோயிற்று.

"ஏலே சங்கையா. இது புதுசுலே."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான், முருகனைப் பார்த்தான். அப்புறம் அந்த முகத்திலிருந்து ரத்தம் இறங்கினதை நான் என் கண்ணால் பார்த்தேன். தாடைத் தழும்பு மட்டும் தனியாகத் தெரிந்தது. சூடேறினால் ஒட்டிக்கொள்கிற ரிலேயைத் திரி காய்கிற இடத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு வந்திருக்கிறான். மணி இரண்டு முப்பத்தெட்டு.

ராம்குமார் நம்பருக்கு அடித்தான். மணி போனது, எடுக்கவில்லை. கம்பெனிக்குள் யாரும் போன் கொண்டுபோகக் கூடாது. முதலாளி போனும் கேட்டில் இருக்கிற பெட்டிக்குள்தான் கிடக்கும். ஆபீஸ் லேண்ட்லைன் செத்து மாசக்கணக்காகிறது. வாட்ச்மேன் பலவேசத்திடம் போனே கிடையாது. பையை என் மேசையிலேயே போட்டுவிட்டுச் சங்கையா ஓடினான். அவனை ஓட்ட விடாமல் நான்தான் வண்டியை எடுத்தேன். பின்னால் உட்கார்ந்து ராம்குமாருக்கு அடித்துக்கொண்டே வந்தான்.

அந்த ரோட்டில் நான் அத்தனை வருஷம் போயிருக்கிறேன். அன்றைக்கு மாதிரி அது நீண்டதேயில்லை. முன்னால் ஒரு லோடு லாரி ரோட்டை அடைத்துக்கொண்டு ஆடி ஆடிப் போனது. ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தேன். "அண்ணாச்சி, பேச்சி... அண்ணாச்சி, பேச்சி..." என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தான். நான் மனசுக்குள் முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டே வந்தேன். உன்னை உள்ளே வைத்து மடித்ததற்கா இந்தத் தண்டனை என்று கேட்டேன். என்னால் வேறு ஒன்றும் நினைக்க முடியவில்லை.

கேட்டை அடைந்தபோது மூன்று மணி தாண்டிவிட்டது. வெளியே பெரிய கார் நின்றது. பார்ட்டி வந்தாயிற்று.

பலவேசம் ஸ்டூலிலிருந்து எழுந்தார். "வாங்க அண்ணாச்சி. மொதலாளி போனு பத்து தடவ அடிச்சுச்சு. அடுத்தவுக போன எடுக்கலாமா? அதான் விட்டுட்டேன்" என்றார். அந்த நல்ல மனுஷனை அறையலாம் போல இருந்தது.

உள்ளேயிருந்து கேட்டது, ஆபீசுக்குப் பின்னாலிருந்து கம்ப்ரசர் சத்தம். நல்லபடி ஓடுகிற கம்ப்ரசர் கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கிச் சீராக ஓடும். இது அடங்காமல் உறுமிக்கொண்டிருந்தது. எனக்கே தெரிந்தது என்றால் அவனுக்குத் தெரியாதா?

"எல்லாரையும் வெளிய வரச் சொல்லிக் கத்துவமாலே?" என்றேன்.

"கத்துனா ஓடுவாக அண்ணாச்சி" என்றான்.

அது நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். பட்டாசுக் கம்பெனிக்குள் ஓடக் கூடாது. ஒருத்தர் ஓடினால் எதற்கு என்று கேட்காமல் எல்லாரும் ஓடுவார்கள். கையில் இருக்கிற மருந்துச் சாமானைப் போட்டுவிட்டு, தரையில் கிடப்பதை மிதித்துக்கொண்டு ஓடுவார்கள். அந்த உரசலே போதும். திரி காய்கிற சாக்கின் மேலேயே கூட ஓடுவார்கள். கேட்டிலிருந்து ஆபீஸ் இருநூறு அடி. சுவிட்ச் ராம்குமார் உட்காருகிற அறைக்குள் இருக்கிறது. சங்கையா தன் போனைக் கேட்டுப் பெட்டியில் போட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றினான். கேட்டில் பதித்திருக்கிற செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்து எடுத்தான். உள்ளே போகிற எல்லாரும் உடம்பு மின்சாரம் இறங்குவதற்காக வைக்க வேண்டிய தகடு. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

அப்புறம் நடந்தான். பிறந்ததிலிருந்து ஓடிக்கொண்டே இருந்த அந்த மனுஷன், மாப்பிள்ளை அழைப்பில் வருகிற மாதிரி ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து நடந்தான். நான் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓடுலே என்று என் வாய் வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வழியில் தண்ணீர்க்குடத்தோடு ஒருத்தி எதிரே வந்தாள். "என்ன அண்ணே, மறுபடியும் வந்திருக்கீக? மதினியப் பாக்காம இருக்க முடியலயோ?" என்றாள். அவன் நின்று, சிரித்து, ஏதோ சொன்னான். அவளும் சிரித்துவிட்டுப் போனாள். அட பாவி, எப்படிச் சிரித்தாயோ! பேக்கிங் ஷெட்டின் வாசல் அந்தப் பாதையைப் பார்த்து இருந்தது. பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து வெடிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். முத்துப்பேச்சி வாசலோரம் இருந்தாள். தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். அவன் ஷெட்டைத் தாண்டும் வரைக்கும் பார்த்தாள். அப்புறம் குனிந்து ஒரு புதுப் பெட்டியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். புருஷன் இரண்டாம் தரம் வந்திருக்கிறானே என்றுகூட எழுந்து வரவில்லையே என்று எனக்கு அவள்மேல் எரிச்சல்கூட வந்தது.

அவன் ஆபீசுக்குள் போனான். உறுமல் நிற்கவில்லை. உள்ளே என்ன பேசிக்கொண்டிருக்கிறார்கள்? பார்ட்டிக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறானா? ராம்குமார், இப்பத்தான் குளிர ஆரம்பிச்சிருக்கு, அப்புறம் பாக்கலாம் என்று சொல்லிவிட்டால்? பலவேசம் மழையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தைகூட என் காதில் ஏறவில்லை.

சட்டென்று சத்தம் நின்றது. எங்கோ காக்கை கரைவது கேட்டது. பலவேசத்தின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் அவன் வரவில்லை. வேலை அதோடு முடியவில்லை. அந்தக் கெப்பாசிட்டரைக் கழற்ற வேண்டும். வயிற்றுக்குள் கரண்டு நிற்கிறதா இல்லையா என்று தெரியாது. பல்பு என் கடை மேசையில் பையோடு கிடக்கிறது. அவனிடம் இருப்பது பின்பாக்கெட்டில் செருகியிருந்த ஸ்க்ரூ டிரைவரும் கட்டிங் பிளேயரும்தான். பக்கத்தில் சாக்கு நிறையத் திரி. அங்கே ஒரு சின்னப் பொறிகூடக் கூடாது. அவன் அப்புறம் சொன்னான்: மூடியைத் திறந்ததும் கெப்பாசிட்டர் தலை சோற்றுப்பானை மூடி மாதிரி உப்பிக்கிடந்ததாம். ஓரத்தில் எண்ணெய் கசிந்துகொண்டிருந்ததாம். ஒயர்களை ஒவ்வொன்றாக ஒன்றோடொன்று தொடாமல் உருவி, நுனிகளில் தன் சட்டைத்துணியைக் கிழித்துச் சுற்றி, துண்டில் பொதிந்து எடுத்தானாம்.

திரும்பியும் அதே நடைதான். இரண்டு கையாலும் அதை நெஞ்சில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, உறங்குகிற பிள்ளையைத் தூக்கி வருகிறவனைப் போல வந்தான். ராம்குமார் பின்னாலேயே வந்தார். முகம் வெளுத்திருந்தது, அவருக்கு மட்டும் காதில் சொல்லியிருக்கிறான். "சங்கையாண்ணே, திரிய எடுக்கச் சொல்லிட்டேன். மெதுவா எடுக்கச் சொல்லியிருக்கேன்" என்றார்.

அந்தச் சனியன் வயிற்றுக் கரண்டை அங்கே எங்கேயும் இறக்க முடியாது. ரோட்டுக்கு வந்து 'டப்' என்று இறக்கினாலும் உள்ளே இருக்கிறவர்களுக்கு அந்தச் சத்தம் போதும். மடியில் வைத்துக்கொண்டே வண்டியில் ஏறினான். "பள்ளத்துல விட்டுறாதீக" என்று மட்டும் சொன்னான். கடைக்கு வந்து பல்பு ஒயரை அதில் தொட்டோம். பல்பு பளிச்சென்று ஒரு தரம் எரிந்து அணைந்தது. கரண்டு உள்ளேதான் இருந்திருக்கிறது. அவன் படியில் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டான். தோள் குலுங்கியது.

"சாமி படத்த உள்ள வச்சு மடிச்சது நான்தான்லே" என்றேன். இந்த வாயால் ஒருத்தரிடம் நான் தப்பை ஒத்துக்கொண்டது அபூர்வம்.

"பெட்ரோல் போட்டுத் தொடச்சது நானு. எங்க பாத்தாலும் பயப்படுவேன் அண்ணாச்சி. அங்கன போயி ரெண்டு பொட்டலத்தையும் பிரிச்சுப் பாக்கணும்னு தோணலையே எனக்கு!" என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டான்.

ஆறு மணிக்கு வேன் வந்தது. முத்துப்பேச்சி இறங்கினாள். சாப்பாட்டுத் தூக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நேரே வந்து அவன் எதிரில் நின்றாள். டீ ஆறிக்கிடந்தது.

"மத்தியானம் எதுக்கு வந்தீக?"

"ஏசியில கேஸ் பாக்கணும்னு..."

"பொய் சொல்லாதீக. கல்யாணமாகி இருபத்தி ரெண்டு வருசத்துல நீக அம்புட்டு மெதுவா நடந்து நான் பாத்ததில்ல. பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, என்னமோ வெடிக்கப் போகுதுன்னு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "தெரிஞ்சுமா உக்காந்திருந்த? எந்திரிச்சு வெளிய போக வேண்டியதுதான ஏ பேச்சி?"

"நான் எந்திரிச்சா பக்கத்துல இருக்கிற பதினோரு பேரும் எந்திரிப்பாளுகள்ல? என்ன ஏதுன்னு கேப்பாளுக. ஒருத்தி ஓடுனா எல்லாரும் ஓடுவாளுக" என்றாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "அதான் இன்னொரு பெட்டிய எடுத்து மடிச்சேன். நீக உள்ள போயி அந்தச் சத்தம் நிக்கிற வரைக்கும் அடுக்கிக்கிட்டே இருந்தேன். எத்தன வச்சேன்னு தெரியல. அந்தப் பெட்டிய மட்டும் எந்தப் பிள்ள வாங்கப் போகுதோ."

சங்கையா அவள் கையிலிருந்து தூக்கை வாங்கிக்கொண்டான். இரண்டு பேரும் வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்கள். வண்டியில் ஏறிப் போங்களேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.